சதுர அடிக்கு எவ்வளவு கோடை?

அக்னி நட்சத்திரம் மே 28-ம் தேதியோடு நிவர்த்தி என்று தினசரி காலண்டரில் போட்டிருப்பார்கள். சென்னை வெயில் காலண்டர் பார்ப்பதில்லை. இந்த ஊரில் 45 டிகிரி அடித்துப் பழைய கணக்குகளையெல்லாம் முறியடித்த நாள் 2003-ம் வருடம் மே 31. கத்திரி விடைபெற்ற பிறகு வந்த வெயில் அது. ஜூன் பிறந்ததும் மேற்கேயிருந்து நிலக்காற்று அடிக்கத் தொடங்கும். அது பலமாக இருக்கிற நாட்களில் கடற்காற்று ஊருக்குள் நுழையச் சாயங்காலம் ஆகிவிடும். சில நாள் வரவே வராது. ஊட்டிக்குப் போனவர்கள் திரும்பியாயிற்று, பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, தர்பூசணிக்காரர் ஓலைப் பந்தலைப் பிரித்துக்கொண்டு போயாயிற்று, நுங்கு முற்றிக் கல்லாகிவிட்டது. வெயில் மட்டும் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, ஏப்ரல் 24 வாக்கில் நம் தலைக்கு நேர் மேலே நின்ற சூரியன், வடக்கே போய்விட்டு ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி ஒருமுறை நேர் உச்சிக்கு வரும்.

கோடையின் இந்தக் கடைசிப் பகுதியை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள்ளேயே அனுபவித்துத் தீர்ப்பது என்று முடிவெடுத்தேன். ரசனை காரணமில்லை. மெயின்டனன்ஸ் ஏறிவிட்டது.

எங்கள் குடியிருப்பு ஓ.எம்.ஆர். பக்கம். அசோசியேஷன் பொதுக்குழுவில் சதுர அடிக்கு மூன்றரை ரூபாயை நாலேகால் ஆக்கினார்கள். டேங்கர் தண்ணீர், ஜெனரேட்டர் டீசல், செக்யூரிட்டி சம்பளம் என்று செயலாளர் வாசித்தார். எல்லாம் நியாயம்தான், நானும் கை தூக்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வயிறு எரிந்தது. பத்திரப்படி என் ஃப்ளாட் 1,140 சதுர அடி. டேப் பிடித்து அளந்தால் கதவுக்கு உள்ளே 800-தான் தேறுகிறது. பாக்கி 340 சதுர அடி சூப்பர் பில்ட்-அப் என்ற பெயரில் லிஃப்டிலும் மாடிப்படியிலும் வராந்தாவிலும் கிளப் ஹவுஸிலும் கரைந்து கிடக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் வங்கிக்கு வட்டி கட்டினேன். இப்போது அதற்கு மட்டும் மாதம் 1,445 ரூபாய் மெயின்டனன்ஸும் கட்டுகிறேன். இத்தனை வருடத்தில் அந்த 340-ல் நான் செய்த ஒரே காரியம், லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று அண்ணாந்து பார்த்ததுதான்.

“அப்போ போய் அனுபவிச்சுட்டு வாங்க. ஹாலாவது கொஞ்ச நேரம் காலியா இருக்கும்” என்றாள் மனைவி.

முதலில் நீச்சல் குளம். ஆண்களுக்குச் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. நைலான் உடை கட்டாயம், தலைக்குத் தொப்பி கட்டாயம். தண்ணீரில் முடி விழாமலிருக்க ஏற்பட்ட தொப்பியை, விழுவதற்கு அதிகம் பாக்கியில்லாத நான் 250 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது. காவிரிக்கரைக்காரன்தான். ஆற்றில் தண்ணீர் ஓடிய வருடங்களில் அம்மா விடவில்லை. அம்மா விட்ட வருடங்களில் ஆற்றில் தண்ணீர் ஓடவில்லை.

பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தண்ணீர், குளிக்க விளாவி வைத்த பதத்தில் இருந்தது. ஆழமில்லாத பக்கம் இறங்கி ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் பிள்ளைகளைக் கூட்டிவந்த அப்பாக்கள் நாலைந்து பேர். “குளோரின் வாசம் தூக்கலா இருக்கு. தண்ணியை நல்லா சுத்தமா வெச்சிருக்காங்க” என்றார் ஒருவர். சும்மா இருந்திருக்கலாம். “அது குளோரின் வாசம் இல்ல சார். குளோரின், வேர்வையோடவும் சிறுநீரோடவும் கலந்தா குளோரமின்னு ஒண்ணு உண்டாகும். அந்த நெடிதான் இது. நெடி தூக்கலா இருந்தா யாரோ...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்தினேன். அப்பாக்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, இறங்கினதிலிருந்து ஒரே இடத்தில் ஆடாமல் அசையாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புது ஆளைப் பார்த்தார்கள்.

“அங்கிள், நீங்க ஏன் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேங்கிறீங்க?” என்று மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் கேட்டான்.

நீந்தத் தெரியாது என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். “முதுகு வலி, கண்ணா” என்றேன்.

மறுநாள் காலை காலிங் பெல். வாசலில் அந்தப் பையனின் அம்மா. பி பிளாக்கில் இருக்கிறார், பிசியோதெரபிஸ்ட். “பையன் சொன்னான் சார். தண்ணிக்குள்ளயே நிக்க முடியலன்னா அதை அலட்சியமா விடக்கூடாது. வலி கால் வரைக்கும் இறங்குதா?” என்றார். இறங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குப் பின்னால் மனைவி வந்து நின்று, “எந்தக் கால் வரைக்கும்?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள். “லேசா, இடது கால்” என்றேன். அதற்கு மேல் திரும்ப வழியில்லாமல் போயிற்று.

பயிற்சிகள் மூன்று. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ணுவது. நாலு காலில் நின்று முதுகை மேலே வளைத்துக் கீழே தாழ்த்துவது. குப்புறப் படுத்து முன்னங்கையை ஊன்றி நெஞ்சை நிமிர்த்துவது. அவர் காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் செலவைக் காரணம் காட்டி நிறுத்தியிருப்பேன். தினமும் கிளப் ஹவுஸில் கேரம் ஆடும் பெரியவர்கள் பக்கத்தில் பாயை விரித்து, இல்லாத வலிக்கு இடுப்பைத் தூக்கிக் காட்டினேன். பெரியவர்கள் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் காத்திருப்பார்கள்.

குடியிருப்புக்குள் நல்ல செய்தி லிஃப்டில் வரும், உடம்பு சம்பந்தப்பட்ட செய்தி அதற்கு முன்பே படியேறி வந்துவிடும். ஹவுஸ்கீப்பிங் அக்கா “குனியாதீங்க சார்” என்று என் செருப்பை நகர்த்தி வைத்தார். எதிர் ஃப்ளாட் ஆன்ட்டி தைலம் கொடுத்தனுப்பினார். பேச்சுவாக்கில் அது டிஸ்க் ஆயிற்று, வார இறுதிக்குள் எல்-4, எல்-5 என்று நம்பரும் போட்டுவிட்டார்கள். டாக்டர்கள் என்று எனக்குக் கொடுக்கப்பட்ட தொலைபேசி எண்களில் ஒரு எலும்பு வைத்தியசாலையும் ஒரு ஜோசியரும் அடக்கம்.

அடுத்தது மொட்டை மாடி. சின்ன வயதில் ஊரில் கோடை முழுக்க மாடியில்தான் படுக்கை. அதையே இங்கும் செய்வதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். மாடிச் சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும். நோட்டில் ஃப்ளாட் நம்பர், நேரம், காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் எனக்கு முன்னால் எழுதியவர்கள் “டிஷ் ரிப்பேர்”, “டேங்க் வால்வு” என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். நான் “காற்று” என்று எழுதினேன். தலையணையோடு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியவனை லிஃப்ட் வாசலில் கேரம் பெரியவர் தடுத்தார். “டிஸ்க்குக்கு மெத்தையே ஆகாதுங்க. கட்டாந்தரைதான்.” மெத்தையை வாங்கி என் மனைவியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு கோரைப் பாயைக் கையில் திணித்தார்.

ராத்திரி பத்து மணி. மாடித் தளம் பகல் முழுக்க வாங்கி வைத்த வெயிலைத் தவணை முறையில் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தது. கோரைப் பாய் வழியாக அது என் முதுகைத்தான் தேடி வந்தது. ஊரில் சாயங்காலமே நாலு வாளி தண்ணீர் தெளித்துச் சூடாற்றிவிட்டுத்தான் படுப்பார்கள் என்பது நினைவுக்கு வந்தது. டேங்கர் தண்ணீரைத் தரையில் ஊற்ற மனசு வராமல் பாதி வாளி தெளித்தேன். அதற்கே கடைசி மாடி ஃப்ளாட்காரர் டார்ச் அடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். “சார், போன மழைக்கே எங்க பெட்ரூம் சீலிங்ல கறை. தயவுசெஞ்சு...” என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் பாதி வாளியைத் துடைப்பத்தால் தள்ளி மழைநீர்க் குழாய்க்குள் அனுப்பினோம். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு அன்றைக்கு என் பங்களிப்பு அது.

தலைமாட்டில் லிஃப்ட் மெஷின் அறை. யாராவது பட்டனை அழுத்தினால் உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம், பிறகு மோட்டார் உறுமல், நின்றதும் மறுபடி ‘டக்’. உறுமல் நீளத்தை வைத்து எந்த மாடிக்கு பிரியாணி போகிறது என்று சொல்லும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றேன். பதினொன்றேகாலுக்கு ஆறாம் மாடி. பன்னிரண்டுக்கு மறுபடியும் ஆறாம் மாடி. அவர்கள் வீட்டில்தான் எல்லோரும் டயட்டில் இருப்பதாகக் கேள்வி. கண் சொருகும் நேரத்தில் மேற்கே மின்னியது. சென்னையில் ஜூன், ஜூலை மழை பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான், அதுவும் இடியோடுதான் வரும். அந்தக் கோடையின் முதல் நல்ல மழை அன்று கொட்டியது. மண் வாசனை, குளிர் காற்று எல்லாம் இருந்திருக்கும். மழை பெய்த நேரம் முழுக்க நான் பாயும் தலையணையுமாக மாடிக் கதவுக்கு உள்பக்கம், பூட்டு சரியாக விழவில்லையே என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை மட்டும் நான் தோற்காமல் அனுபவித்தேன். அதுவும் என் திட்டத்தில் இல்லாதது. சனிக்கிழமை மத்தியானம் கேட் பக்கம் போனபோது பகல்நேர செக்யூரிட்டி தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, “சார், கமர் வலி. உக்காரு” என்றார். ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்துக்காரர். அவர் ஊருக்கும் கிழக்கே கடல்தான். நாற்காலியின் ஒரு கால் உடைந்து, கம்பி வைத்துக் கட்டியிருந்தது. வெயில் தகிக்கிறதே, இதில் என்ன உட்காருவது என்று தயங்கினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சந்தின் வாய்க்கு நாற்காலியை நகர்த்திக் கிழக்கு முகமாகத் திருப்பிப் போட்டார். மூன்றாம் மாடிக் கொடியில் காய்ந்த ஒரு சிவப்புத் துண்டைக் காட்டினார்.

துண்டு கிழக்குப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. மேல்காற்று. அனல் அடிக்க, தூசியைக் கண்ணில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மணி இருக்கும். துண்டு தொய்ந்து நேராகத் தொங்கியது. காற்று அடியோடு நின்றது. கழுத்துக்குப் பின்னால் வேர்வை வழிந்தது. கேட் ஓர மாமரத்தில் ஒரு இலை ஆடவில்லை. அது பெரிய இம்சை. எழுந்து போய்விடலாம் என்று நினைத்த நேரத்தில் துண்டின் கீழ்முனை மெள்ள மேற்குப் பக்கம் எட்டிப் பார்த்தது, பின்வாங்கியது, மறுபடி எட்டிப் பார்த்தது. அடுத்த நிமிடம் முழுத் துண்டும் மேற்கே புரண்டு பறந்தது. மாவிலைகள் வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டித் திரும்பின. சந்து வழியாகக் கடற்காற்று குவிந்து வந்து சட்டைக்குள் புகுந்தது. நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடலின் ஈரம் உதட்டில் பிசுபிசுத்தது. அவர் ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பல சாயங்காலம் அந்த நாற்காலிக்குப் போனேன். முதுகு வலிக்காரன் என்பதால் அவர் எப்போதும் எழுந்து இடம் கொடுத்தார். வெயிலில் எட்டு மணி நேரம் நின்ற மனிதரை எழுப்பிவிட்டு, தினமும் தூங்கி எழுந்து வந்த நான் உட்கார்ந்து காற்று வாங்கினேன். இதை மனைவியிடம் சொல்லவில்லை.

அந்த மாமரம் நீலம். மற்ற மாம்பழமெல்லாம் ஓயும்போதுதான் நீலத்துக்குப் பருவம். ஜூன் கடைசியில் வாசம் கார் பார்க்கிங் வரை வரும். மரம் பொதுச் சொத்து. பறித்ததும் ஃப்ளாட்டுக்கு இரண்டு பழம் என்பது விதி. தானாக விழுவதைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலையில் இரண்டாம் மாடி மாமி கோலம் போட வருகிற சாக்கில் விழுந்ததையெல்லாம் பொறுக்கிவிடுகிறார் என்று கண்டுபிடித்து, அவருக்கு முன்னால் எழுந்தேன். ஒன்றுகூட விழுந்திருக்கவில்லை. கையில் குடை இருந்தது. வளைந்த கைப்பிடியால் கிளையை இழுத்துக் கொஞ்சம் உதவி செய்தேன். எட்டவில்லை, குதித்தேன். ஒன்று விழுந்து உருண்டு செயலாளரின் காருக்கு அடியில் போனது. தரையோடு தரையாகப் படுத்து, தோள் வரை கையை விட்டு எடுத்தேன்.

பழம் பார்க்க மாசுமருவற்று இருந்தது. சதையும் தேன்தான். கொட்டையைச் சப்பிவிட்டு வைத்தபோது அதற்குள்ளிருந்து ஓட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு கறுப்பு வண்டு வெளியே வந்து, தட்டின் விளிம்பில் நடந்து போனது. நீலத்தில் இது சகஜம். பிஞ்சாக இருக்கும்போதே வண்டு மேலே முட்டையிட்டுவிடும். புழு கொட்டைக்குள் போய் வளரும், பழத்தில் வெளியே தடயமே இருக்காது. “பறிச்சதா, பொறுக்கினதா?” என்று மனைவி கேட்டாள். வண்டைப் பார்த்துக்கொண்டே “பொறுக்கினது” என்றேன்.

அந்த வாரம் யாருடைய ஸ்கூட்டரிலோ கீறல் விழுந்திருக்கிறது. கமிட்டி உட்கார்ந்து பார்க்கிங் சி.சி.டி.வி. பதிவுகளை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஸ்கூட்டரைக் கீறியவர் சிக்கவில்லை. குடையோடு எம்பிக் குதித்து, குனிந்து, மண்டியிட்டு, காருக்கு அடியில் ஊர்ந்து, ஒரே மூச்சில் எழுந்து நின்ற நான் சிக்கினேன். செயலாளர் கூப்பிட்டனுப்பினார். பொய்யை ஒத்துக்கொள்வதற்கான வாசகங்களைப் படி இறங்கும்போதே மனசுக்குள் கோர்த்துக்கொண்டு போனேன். உள்ளே பி பிளாக் பிசியோதெரபிஸ்ட்டும் இருந்தார். கமிட்டியில் அவரும் உறுப்பினர் என்பது அப்போதுதான் தெரியும். திரையில் நான் அந்தரத்தில் உறைந்து நின்றேன். அவர் கண் கலங்காத குறைதான். “எவ்வளவு முன்னேற்றம் பாருங்க சார்! தண்ணிக்குள்ள நிக்க முடியாம இருந்தவர்” என்றார். கமிட்டி கை தட்டியது. நான் கோர்த்து வைத்திருந்த வாசகங்கள் அப்படியே உள்ளே போயின. மாம்பழத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்பது அநாகரிகம் என்று நினைத்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் குளத்தை மூடுவது பற்றித் தீர்மானம் வந்தது. போர்வெல் தண்ணீர் இறங்கிவிட்டது, டேங்கர் செலவு எகிறுகிறது, மழை பிடிக்கும் வரை குளத்தை நிரப்ப வேண்டாம் என்றார்கள். 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இதை எதிர்த்துப் பேச மாட்டார்கள். தண்ணீரின் அருமை பற்றி நான் உருக்கமாகப் பேசி முதல் ஆளாக வழிமொழிந்தேன். “முதுகு சரியாயிடுச்சுல்ல, வாங்க அங்கிள் டைவ் அடிக்கலாம்” என்று அந்தப் பையன் தினமும் என்னை மறித்துக்கொண்டிருந்ததை நான் சபையில் சொல்லவில்லை.

குணமானவன் என்ற பெயர் சும்மா விடவில்லை. மூத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை முதுகுப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார்கள். செய்து காட்ட நான். முன் வரிசையில் கேரம் பெரியவர்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்ற உற்சாகத்தில் நாலு காலில் நின்று முதுகை வேண்டிய அளவுக்கு மேலேயே வளைத்தேன். இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கம், ‘சுரீர்’. அது காலுக்கு இறங்கியது. பி பிளாக் பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் கேட்டாரே, அந்தக் கால் வரைக்கும். “பாருங்க, எவ்வளவு நிதானமா எழுந்திருக்கிறார்” என்று அவர் மற்றவர்களுக்கு என்னைச் சுட்டிக் காட்டினார். நான் நிதானமாகத்தான் எழுந்தேன். வேகமாக எழ முடியவில்லை.

வலி இருக்கிறது என்று யாரிடம் சொல்வது? அவரிடம் சொன்னால் அவர் வைத்தியத்துக்குக் கெட்ட பெயர். மனைவியிடம் சொன்னால் முதல் வலியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். எதிர் ஃப்ளாட் ஆன்ட்டியின் தைலத்தை இரவில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தேன். நாற்காலிப் பக்கம் போனால் செக்யூரிட்டி சிரித்துக்கொண்டே கை குலுக்கினார். குணமானவனுக்கு எதற்கு நாற்காலி, அவரே உட்கார்ந்துகொண்டார்.

ஆடி வந்தது. பக்கத்துத் தெரு அம்மன் கோயிலுக்கு எங்கள் குடியிருப்பு சார்பில் கூழ். கிளப் ஹவுஸ் பின்கட்டில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, மோர் விட்டு, சின்ன வெங்காயம் அரிந்து போட்டுத் தயாராக இருந்தது. பெரிய அண்டா, விளிம்பு வரை. கேட் வரை கொண்டுபோய் வண்டியில் ஏற்ற ஆள் தேடினார்கள். செயலாளர் கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்து, “சாரைக் கூப்பிடுங்கப்பா, அவருக்குத்தான் முதுகு தேறிடுச்சே” என்றார்.

அண்டாவின் ஒரு காது என் கைக்கு வந்தது. மறு காதைப் பிடித்திருந்தவர் பிசியோதெரபிஸ்ட்டின் கணவர். “மூச்சை விட்டுக்கிட்டே தூக்குங்க சார். வீட்ல தினமும் இதைத்தான் சொல்லுவாங்க” என்றார்.

தூக்கினேன்.